கத்துகிற பாட்டும் காதில் விழட்டும்

நம் சங்க மலரில் சங்கீதம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தியாகையரிடம் தொடங்கி மெல்லிசை மன்னரிடம் முடிப்பார்கள். கொஞ்சம் துணிச்சல்காரர்கள் இளையராஜாவின் பின்னணி இசை வரை வருவார்கள். அந்த வரிசை முழுவதிலும் எனக்கும் ஈடுபாடு உண்டு. குறை சொல்ல வரவில்லை. ஆனால் 'உங்களுக்குப் பிடித்த பாட்டுகளைப் பற்றி எழுதுங்கள்' என்று ஆசிரியர் கேட்டபோது, இப்போது நான் உண்மையாகவே விரும்பிக் கேட்கிறவை எவையோ அவற்றைப் பற்றித்தான் எழுதுவது என்று தீர்மானித்தேன். அவை 'எமோ' என்றும் 'போஸ்ட்-ஹார்ட்கோர்' என்றும் சொல்லப்படுகிற, பெரும்பாலும் அமெரிக்காவில் பிறந்த பாட்டுகள். வீட்டில் பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்களே, கதவுக்கு வெளியே நின்றால் யாரோ யாரையோ அடிக்கிற மாதிரி சத்தம் வருமே, அதேதான்.

சத்தத்துக்குப் பயப்படுகிற உத்தியோகம் நான் பார்க்கவில்லை. ரயில்வேயில் பாதி விஷயம் காதால்தான் தெரியும். வண்டி நின்றதும் நீளப் பிடி போட்ட சுத்தியலோடு ஓர் ஆள் சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவதை அந்தக் காலத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நல்ல சக்கரம் கணீரென்று சொல்லும். விரிசல் விட்டது மொண்ணையாகச் சொல்லும். வெளியாளுக்கு எல்லாம் ஒரே 'டங்'தான். இந்தப் பாட்டுகளும் அப்படித்தான். முதல் தடவை எல்லாம் ஒரே கூச்சலாக இருக்கும். நாலு தடவை கேட்ட பிறகு எது வேஷம், எது நிஜமான விரிசல் என்று காதுக்குத் தெரிந்துவிடும். என் மகன் கல்லூரி விடுதியிலிருந்து கொண்டுவந்த எம்.பி.3 குறுந்தகடுகளில் தொடங்கிய பழக்கம் இது. அவன் கேட்பதை விட்டுவிட்டான், நான் விடவில்லை.

கத்துவதெல்லாம் சங்கீதமா என்று நம் மாமாக்கள் கேட்பார்கள். கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கிறதா? தவில்காரரைப் பார்த்து 'கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள்' என்று யாரும் சொன்னதில்லை. சத்தம் அங்கே ஒரு காரியத்துக்காக இருக்கிறது. அதேபோல எழவு வீட்டில் ஒப்பாரி வைக்கிற பாட்டி சுருதி பார்த்தா வைக்கிறாள்? குரல் உடைகிற இடத்தில்தான் அந்தப் பாட்டுக்கே உயிர் வருகிறது. ரேடியோவில் சோகப் பாட்டு போட்டால் அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு வந்து நின்று கேட்ட சமூகம் நம்முடையது. அழுகையை ரசிக்கத் தெரிந்த நமக்கு எமோ புதிதாக இருக்க நியாயமே இல்லை.

இந்த இசையின் பூர்வீகம் வாஷிங்டன். நம் தில்லி மாதிரி அரசாங்க உத்தியோக ஊர். 1980-களின் தொடக்கத்தில் அங்கே பள்ளிக்கூட வயதுப் பையன்கள் 'ஹார்ட்கோர் பங்க்' என்ற வேகமான, கோபமான பாட்டுகளை வாசித்தார்கள். ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடத்தில் ஒரு பாட்டு முடிந்துவிடும். அவர்களில் முக்கியமானவர் இயன் மக்காய். இவரும் நண்பர் ஜெஃப் நெல்சனும் 1980-இல் 'டிஸ்கார்ட்' என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கச்சேரிகளில் சேர்த்துவைத்த சொற்பப் பணம்தான் முதல். தட்டின் உறைகளைத் தாங்களே வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். பெற்றோர் கவனத்துக்கு இன்னொரு செய்தி: மக்காய் பாடிய 'மைனர் த்ரெட்' குழுவின் 1981-ஆம் வருடப் பாட்டு ஒன்றின் பெயரிலிருந்துதான் 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' என்ற வழக்கமே வந்தது. குடி வேண்டாம், போதை வேண்டாம், புகை வேண்டாம் என்று இளைஞர்கள் தாங்களாகவே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. 'இந்தப் பாட்டு கேட்டால் பையன் கெட்டுப்போவான்' என்பவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

கோபத்துக்கு ஓர் எல்லை உண்டு. 1985 வாக்கில் அதே ஊரில், அதே கூட்டத்தில், சிலருக்கு வெறும் ஆத்திரம் அலுத்துப்போயிற்று. 'ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்' என்ற குழு தன் மனசைத் திறந்து பாட ஆரம்பித்தது. கை பிச்சியோட்டோ என்பவர் பாடகர். சமூகத்தைத் திட்டுவதற்குப் பதிலாகத் தன் இழப்பை, தன் ஏக்கத்தைப் பற்றிக் கத்தினார். ஒரே ஒரு முழு ஆல்பம், 1985-இல்; அதைத் தயாரித்தவரும் மக்காய்தான். அடுத்த வருடம் குழு கலைந்துவிட்டது. இந்த வகைக்குத்தான் 'எமோஷனல் ஹார்ட்கோர்' என்ற அர்த்தத்தில் எமோ என்று யாரோ பெயர் வைத்தார்கள். பெயர் வைக்கப்பட்டவர்களுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. மக்காய் மேடையிலேயே அதைக் கிண்டல் செய்தார். நாற்பது வருடமாகியும் அந்தப் பெயரைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்ட குழுவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த ஆல்பத்தில் 'ஃபார் வான்ட் ஆஃப்' என்ற பாட்டைக் கேளுங்கள். ஒலிப்பதிவு கரடுமுரடாக இருக்கும். அதைப் பொறுத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

பிறகு மக்காயும் பிச்சியோட்டோவும் ஒரே குழுவில் சேர்ந்தார்கள். அதுதான் 'ஃப்யூகாஸி'. எனக்கு இந்த உலகத்திலேயே மிகவும் மரியாதைக்குரிய குழு. 1987-இல் முதல் கச்சேரி. 2002 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள். நுழைவுக் கட்டணத்தை 5 டாலர் அளவிலேயே வைத்திருக்கப் பாடுபட்டார்கள். எந்த வயதினரும் வரலாம் என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. மதுக்கடைகளில் பெரியவர்களுக்கு மட்டும் கச்சேரி என்றால் மாட்டோம் என்றார்கள். சட்டை, தொப்பி என்று எதுவும் விற்கவில்லை. கூட்டத்தில் யாராவது பக்கத்தில் இருப்பவரை இடித்துத் தள்ளி முரட்டுத்தனம் செய்தால் பாட்டை நிறுத்துவார்கள். அந்த ஆளைக் கூப்பிட்டு, தயாராக வைத்திருக்கும் உறையில் அவர் கொடுத்த 5 டாலரைப் போட்டுக் கொடுத்து, 'போய் வாருங்கள்' என்று வெளியே அனுப்புவார்கள். சபா நடத்துகிற நம்மவர்கள் இதை ஒரு முறைக்கு இரு முறை படிக்க வேண்டும்.

அவர்களுடைய 'வெய்ட்டிங் ரூம்' 1988-இல் வந்த பாட்டு. ஜோ லாலியின் பேஸ் கிட்டார் தனியாக ஆரம்பிக்கும். ஒரு தடவை கேட்டால் நாள் முழுக்க வாய் முணுமுணுக்கும். எல்லா வாத்தியமும் சேர்ந்து வேகம் பிடித்த உடனே, திடீரென்று எல்லாம் நின்றுவிடும். சத்தமே இல்லை. சிக்னல் விழாமல் அவுட்டரில் வண்டி நின்றது போன்ற ஒரு மௌனம். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி புறப்படும். அந்த மௌனத்துக்காகவே நூறு தடவை கேட்டிருக்கிறேன். அதே தட்டில் 'சஜஷன்' என்று இன்னொரு பாட்டு. தெருவில் நடக்கும் ஒரு பெண், தன்னைப் பார்க்கிற பார்வைகளையும் தொடுகிற கைகளையும் பற்றிக் கேட்கிற கேள்விகளை, ஓர் ஆண் தன் வாயால் கேட்கிறார். நம் வீட்டுப் பெண்கள் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் போய் வருகிற ஊர் இது. அதனால் இந்தப் பாட்டுக்கு அரும்பத உரை தேவைப்படாது. இரண்டு பாட்டும் '13 சாங்ஸ்' என்ற 1989 தொகுப்பில் இருக்கின்றன. கச்சேரிப் பதிவுகளையும் 2011 முதல் நூற்றுக்கணக்கில் அவர்களே இணையத்தில் வெளியிட்டுவருகிறார்கள்.

1994-க்கு வருவோம். சியாட்டில் நகரத்து 'சன்னி டே ரியல் எஸ்டேட்' குழுவின் 'டைரி' அந்த வருடம் வந்தது. 'செவன்', 'இன் சர்க்கிள்ஸ்' என்ற இரண்டு பாட்டும் போதும். ஜெரமி எனிக் என்கிற பாடகர் கத்துகிறாரா, பிரார்த்தனை செய்கிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சீக்கிரமே குழு உடைந்து, அதில் இருந்த இரண்டு பேர் 'ஃபூ ஃபைட்டர்ஸ்' குழுவுக்குப் போனார்கள் என்பது பொது அறிவுக்கு. சான் ஃபிரான்சிஸ்கோவில் 'ஜாபிரேக்கர்' என்ற குழு அதே வருடம் ஓர் அருமையான தட்டைக் கொடுத்தது. அதன் பாடகர் பிளேக் ஷ்வார்ஸன்பாக்கின் தொண்டையில் கட்டி வந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அதையும் ஒரு பாட்டாக்கிவிட்டார். 1995-இல் அவர்கள் பெரிய நிறுவனம் ஒன்றில் சேர்ந்து 'டியர் யூ' என்ற ஆல்பம் போட்டபோது, 'விலைபோய்விட்டார்கள்' என்று ரசிகர்களே முகம் திருப்பிக்கொண்டார்கள். மறு வருடம் குழுவே கலைந்தது. இன்று அந்த ஆல்பத்தின் 'ஆக்ஸிடென்ட் புரோன்' பாட்டைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். ரசிகர்கள் கோபித்துக்கொள்வதற்கும் ஒரு வயது உண்டு போலிருக்கிறது.

மென்மையாக ஏதாவது வேண்டும் என்பவர்களுக்கு 'அமெரிக்கன் ஃபுட்பால்'. இல்லினாய் பல்கலைக்கழகத்து மாணவர்கள் மூன்று பேர். 1999-இல் ஓர் ஆல்பம் போட்டார்கள். படிப்பு முடிந்தது, குழுவும் முடிந்தது. அப்போது அதிகம் பேர் கவனிக்கவில்லை. பிறகு கைமாறிக் கைமாறி உலகம் முழுவதும் பரவி, 2014-இல் அவர்கள் மறுபடி சேர வேண்டியதாயிற்று. 'நெவர் மென்ட்' கேளுங்கள். இரண்டு கிட்டார்கள் ஒன்றையொன்று துரத்தாமல், ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு போகும். பழைய 13 மீட்டர் தண்டவாளங்களை மூட்டுப்பலகை வைத்து இணைத்திருந்த நாளில், பெட்டியில் படுத்துக்கொண்டு கேட்ட 'தடக்-தடக்' ஞாபகம் வரும். எல்லாவற்றையும் பற்றவைத்து நீளத் தண்டவாளம் ஆக்கிய பிறகு வந்த தலைமுறைக்கு அந்தத் தாளம் தெரியாது. இன்னொரு பாட்டு, 'த சம்மர் எண்ட்ஸ்'. அதில் டிரம்ஸ் வாசிப்பவரே டிரம்பெட்டும் வாசிக்கிறார். அந்த ஆல்பத்தின் அட்டையில் இருக்கும் சாதாரண மாணவர் குடியிருப்பு வீட்டைப் பார்க்க வெளியூர்களிலிருந்து ஆள் வருகிறார்களாம். வீட்டுக்கு ஆபத்து வரக் கூடாது என்று 2023-இல் அந்தக் குழுவினரும் தட்டு நிறுவனத்தாரும் நண்பர்களும் சேர்ந்து விலைக்கே வாங்கிவிட்டார்கள். நாம் நம் கவிஞர்களின் வீடுகளை என்ன செய்தோம் என்று நான் கேட்கப் போவதில்லை.

கோபம் வேண்டுமென்றால் ஸ்வீடனின் 'ரெஃப்யூஸ்ட்' குழு. 1998-இல் வந்த 'நியூ நாய்ஸ்' என்ற பாட்டு. ஆல்பத்தின் தலைப்பே ஆர்னெட் கோல்மன் என்ற ஜாஸ் மேதையின் 1959 தட்டின் பெயரை மாற்றிப் போட்டது. அதே வருடம் வர்ஜீனியாவில் ஒரு வீட்டின் நிலவறையில் வாசித்துக்கொண்டிருந்தபோது போலீஸ் வந்து நிறுத்த, அதோடு குழு கலைந்தது. பதினான்கு வருடம் கழித்துத்தான் மறுபடி சேர்ந்தார்கள்.

இப்போது நான் நிதானமாகப் பேச விரும்புகிற பாட்டு ஒன்று. டெக்ஸாஸ் மாகாணத்தின் எல் பாஸோ ஓர் எல்லை நகரம். ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டினால் மெக்ஸிகோவின் சியுடாட் ஹுவாரெஸ். அந்தப் பக்கம் அமெரிக்கச் சந்தைக்குப் பொருள் செய்கிற தொழிற்சாலைகள் நிறைய. நாட்டின் பல மூலைகளிலிருந்து இளம்பெண்கள் அங்கே வேலைக்கு வந்தார்கள். 1993-லிருந்து அந்த ஊரில் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்பட்டு, உடல்கள் ஊருக்கு வெளியே பாலைநிலத்தில் கிடந்தன. நூற்றுக்கணக்கான பெண்கள். பலருடைய வழக்குகள் எங்கேயும் போய்ச் சேரவில்லை. இக்கரையில் வளர்ந்த பையன்களின் குழுதான் 'அட் த டிரைவ்-இன்'. அவர்கள் 2000-இல் வெளியிட்ட 'ரிலேஷன்ஷிப் ஆஃப் கமாண்ட்' ஆல்பத்தில் 'இன்வாலிட் லிட்டர் டிபார்ட்மெண்ட்' என்ற பாட்டு இந்தக் கொலைகளைப் பற்றியது.

சரணங்களைப் பாடாமல் கிட்டத்தட்டப் பேசுகிறார் செட்ரிக் பிக்ஸ்லர்-ஸவாலா. நம் வில்லுப்பாட்டில் கதை சொல்கிற மாதிரி. பின்னால் ஒரு பியானோ. பல்லவி வந்ததும் குரல் கிழிகிறது. பேச்சு, கிழிசல், மறுபடி பேச்சு. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்து, தெரியாத ஊரில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துத் தனியாக நடக்கிற பெண் யாராக இருந்தாலும் அவளுக்காகப் பாடிய பாட்டு என்றே நான் கேட்கிறேன். திருப்பூரிலும் நொய்டாவிலும் அப்படி நடக்கிறவர்கள் எத்தனை பேர்! அந்தக் குழு இந்த ஆல்பம் பிரபலமானதும் 2001-இலேயே பிரிந்துவிட்டது. 'ஒன் ஆர்ம்ட் சிஸர்' என்பதுதான் அவர்களின் புகழ்பெற்ற பாட்டு. அதையும் கேளுங்கள், ஆனால் முதலில் இதை.

2001-க்குப் பிறகு எமோ பெரிய வியாபாரமாயிற்று. அரிஸோனாவின் 'ஜிம்மி ஈட் வேர்ல்ட்' குழுவை அவர்களுடைய நிறுவனம் கைவிட்டது. சொந்தச் செலவில் அடுத்த ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். அதில் இருந்த 'த மிடில்' 2002-இல் அமெரிக்காவின் பில்போர்டு வரிசையில் ஐந்தாம் இடம் வரை ஏறியது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கு வந்து முகம் தொங்கிப் போயிருக்கிற பிள்ளைக்கு நான் சிபாரிசு செய்கிற பாட்டு இதுதான், டானிக் மாதிரி. நியூ ஜெர்ஸியின் 'தர்ஸ்டே' குழுவின் 'அண்டர்ஸ்டாண்டிங் இன் எ கார் கிராஷ்' 2001-இல் வந்தது. அதே மாகாணத்தின் 'மை கெமிக்கல் ரொமான்ஸ்' 2006-இல் 'த பிளாக் பரேட்' ஆல்பத்தைக் கொண்டுவந்தது. புற்றுநோயால் சாகப்போகிற ஒரு நோயாளியின் கதை. சாவு அவன் சின்ன வயதில் அப்பாவோடு பார்த்த ஊர்வலத்தின் உருவத்தில் வருகிறது. 'வெல்கம் டு த பிளாக் பரேட்' பாட்டின் முதல் ஒற்றைப் பியானோ ஸ்வரத்தைக் கேட்டதும் ஒரு தலைமுறையே எழுந்து நிற்கிறது. நாடகத்தனம் அதிகம்தான். நாடகம் பார்த்து வளர்ந்த நமக்கு அது குறையாகத் தெரியக் கூடாது.

எல்லாமே உசத்தி என்று சொல்ல மாட்டேன். இந்தக் காலத்து எமோவில் பாதி, விட்டுப்போன காதலியைச் சபிக்கிற பாட்டு. அந்தப் பெண்ணின் பக்கத்து நியாயம் என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. ஜெஸிக்கா ஹாப்பர் என்ற விமரிசகர் 2003-லேயே 'பங்க் பிளானட்' பத்திரிகையில் இதைப் போட்டு உடைத்தார். ஃப்யூகாஸி வழியில் வந்த இசை இப்படி ஆனதே என்று எனக்கும் வருத்தம். 'பாரமோர்' குழுவின் ஹேலி வில்லியம்ஸ் 2007-இல் வந்த தன் பெரிய வெற்றிப் பாட்டில் இன்னொரு பெண்ணை இழிவாகச் சொன்னதற்காக, 2018-இல் அதை மேடையில் பாடுவதை நிறுத்திவைத்தார். 2022-இல்தான் மறுபடி பாடினார். நம் திரைப்படப் பாடலாசிரியர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கூச்சம் உண்டு?

அடுத்து, பயம். 2008-இல் இங்கிலாந்தில் ஒரு சிறுமியின் மரணத்தை ஒட்டி, எமோ என்பது தற்கொலைக் கூட்டம் என்ற அளவில் பத்திரிகைகள் எழுதின. ரசிகர்கள் லண்டனில் 'டெய்லி மெயில்' அலுவலகத்தின் முன் கூடி ஆட்சேபித்தார்கள். அதே வருடம் மெக்ஸிகோவின் கெரெத்தாரோ நகரத்தில் எமோ உடை அணிந்த பிள்ளைகளைக் கூட்டமாகச் சேர்ந்து அடித்தார்கள். 2012-இல் ஈராக்கில் இன்னும் மோசம்: தலைமுடியையும் உடையையும் பார்த்து எமோ என்று முத்திரை குத்தி இளைஞர்களைக் கொன்றார்கள். இறுக்கமான சட்டையும் நெற்றியில் விழுகிற முடியும் உயிருக்கு உலை வைக்குமென்றால், குற்றவாளி பாட்டா, பார்த்தவனா?

சோகப் பாட்டு கேட்கிற பிள்ளை நோயாளி இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம். நெஞ்சில் இருப்பதைச் சொல்ல அவனுக்கு வார்த்தை கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த ஊரில் வளர்கிற நம் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி. அழுவதற்கு எந்த மொழி என்று அவர்கள் தேடினால் நாம் பதறக் கூடாது. அதே சமயம், பிள்ளை சாப்பாட்டை விட்டு, தூக்கத்தை விட்டு, வாழப் பிடிக்கவில்லை என்று பேசினால் உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் 2022-லிருந்து இருக்கிறது, தமிழிலும் பேசலாம். ஹெட்ஃபோனைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டுவது வைத்தியம் ஆகாது.

பெரியவர்களுக்கென்று ஒரு பாட்டை வைத்திருக்கிறேன். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து 'டச்சே அமோரே' என்ற குழு. பாடகர் ஜெரமி போல்ம். 2014-இல் அவருடைய அம்மா புற்றுநோயால் இறந்தார். அந்த நேரத்தில் மகன் நாட்டின் மறுகோடியில், ஃபுளோரிடாவில், மேடையில் பாடிக்கொண்டிருந்தார். இறங்கி வந்த பிறகுதான் செய்தி. 2016-இல் அவர்கள் வெளியிட்ட 'ஸ்டேஜ் ஃபோர்' ஆல்பம் முழுவதும் அந்தத் தாயைப் பற்றியது. நோயின் நாலாம் கட்டம், குழுவின் நாலாவது ஆல்பம், இரண்டும் அந்தத் தலைப்பில் இருக்கின்றன. 'எய்ட் செகண்ட்ஸ்' என்ற ஒன்றரை நிமிடம்கூட இல்லாத பாட்டில் அந்த ராத்திரியைச் சொல்கிறார். அம்மா கடைசியாகத் தொலைபேசியில் விட்டுவைத்த செய்தியைக் கேட்கத் தைரியம் வரவில்லை என்பதை 'நியூ ஹாலோவீன்' பாட்டில் சொல்கிறார். கடைசிப் பாட்டான 'ஸ்கைஸ்கிரேப்பர்' முடிகிற இடத்தில், எல்லா வாத்தியமும் ஓய்ந்த பிறகு, அந்த அம்மாவின் குரலே வருகிறது. மகனுக்கு விட்டுவைத்த சாதாரணச் செய்தி.

இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. இந்தச் சங்கத்தில் எத்தனை பேர் வீட்டுக்கு 'தாயார் நிலைமை கவலைக்கிடம், உடனே புறப்படவும்' என்று தந்தி வந்திருக்கும்! கவலைக்கிடம் என்றால் என்ன அர்த்தம் என்று வாங்கினவருக்கும் தெரியும், எழுதினவருக்கும் தெரியும். தில்லியிலிருந்து திருநெல்வேலி போய்ச் சேர இரண்டு இரவு. போய் இறங்கும்போது வாசலில் பந்தல் மட்டும் இருக்கும். தந்தியை 2013-இல் அரசாங்கமே நிறுத்திவிட்டது, விமானம் வந்துவிட்டது, இருந்தும் கடைசி மூச்சுக்குப் போய்ச் சேராதவர்கள் குறையவில்லை. அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை. 'கொடுத்துவைக்கவில்லை' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டு மறுநாள் ஆபீஸ் போனோம். முப்பது சொச்சம் வயதில் அந்தப் பையன் நமக்கும் சேர்த்துக் கத்தியிருக்கிறான். வார்த்தைகளை அச்சில் எதிரே வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் ஆள் இல்லாதபோது கேளுங்கள். சத்தத்தை நடுத்தரமாக வையுங்கள். நம் வயதில் காதுதான் மூலதனம்.

இதற்குப் பிறகும் தெம்பு இருந்தால் மிஷிகனின் 'லா டிஸ்ப்யூட்' குழுவின் 'கிங் பார்க்', 2011. தெருச் சண்டையில் தவறிப்போய் ஒரு குழந்தை சுடப்பட்டு இறக்கிறது. சுட்டவனும் பையன்தான். அவனுடைய கடைசி நேரம் வரை கூடவே போகிற பாட்டு. ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். யார் பக்கம் பேசுவது என்று நம்மைத் திணறவைக்கும்.

கடைசியாக, செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் சிலர் கிட்டாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். மொட்டை மாடியில் வாசித்தால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்கள். சங்கக் கூடம் மாதத்தில் இரண்டு ஞாயிறு பூட்டித்தான் கிடக்கிறது. ஒரு ஞாயிறு சாயங்காலம் நாலு மணி முதல் ஏழு மணி வரை அவர்களுக்குத் திறந்துவிடலாம். ஆராதனைக்கும் பொங்கல் விழாவுக்கும் ஆள் சேரவில்லை, இளைஞர்கள் வருவதில்லை என்று ஒவ்வொரு பொதுக்குழுவிலும் புலம்புகிறோம். அவர்களுக்குச் சொந்தமாக அங்கே ஒரு சாயங்காலம்கூட இல்லாதபோது ஏன் வருவார்கள்? நுழைவுக் கட்டணம் 50 ரூபாய்க்கு மேல் வேண்டாம். வயது வரம்பு வேண்டாம். தாத்தா பாட்டிகளுக்குக் கடைசி இரண்டு வரிசை, பஞ்சு இலவசம். இடித்துத் தள்ளுகிறவன் யாராவது வந்தால் அவனுடைய 50 ரூபாயை உறையில் போட்டுக் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம். உறைகளை நான் வாங்கி வருகிறேன்.